ஐநா கொண்டுவந்த சீர்

உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், நல்லபடியாக ஆக்கிவிடலாம் என்று மனதார நம்பிய ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். பள்ளி முழுக்க அவளை அழைத்தது ‘ஐநா’ என்றுதான்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி. ஐநாவும் நானும் அதன் விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாய். அவள் காங்கேயத்துக்காரி, வீட்டில் தேங்காய் எண்ணெய் ஆலை. நான் வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்தவள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. தேயிலை பறிக்கும் அம்மாவும் நானும் மட்டும்தான்.

பள்ளியில் சேவை மன்றம் என்று ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் வருஷத்துக்குள் மூன்று காரியம் செய்ய வேண்டும். நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும், உலக நாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், என்ன வேலைக்குப் போகலாம் என்று ஏதாவது ஒரு தொழிலைப் போய்ப் பார்க்க வேண்டும். நாங்களெல்லாம் ஏதோ பேருக்குச் செய்தோம். ஐநா மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய முயன்றாள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

மன்றத்தில் மாதிரி உலக சபை நடந்தது. ஆளுக்கொரு நாடு. அவளுக்கு மங்கோலியா. அன்றிலிருந்து ஒரு மாதம் வருகைப் பதிவின்போது, “மங்கோலியா வந்திருக்குதுங்க டீச்சர்” என்றுதான் எழுந்து நின்றாள். சபை நடந்த அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மன்றத்து டீச்சர் அப்படித்தான் நடிக்கச் சொல்லியிருந்தார். மங்கோலியாவுக்குப் பொறுக்கவில்லை. நடுவில் போய் உட்கார்ந்து, “ஏனுங்க, பக்கத்து ஊட்டுக்காரங்க இப்படியா இருப்பாங்க? இந்தாங்க, ஆளுக்குப் பாதி முறுக்கு” என்றாள். சண்டை முடிந்துபோனதால் சபையில் பேச விஷயமே இல்லாமல் போய், எல்லோரையும் முன்கூட்டியே வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதியோர் இல்லத்துக்குப் போனபோது மற்றவர்கள் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனோம். அவள் ஒரு டின் எண்ணெய் கொண்டுவந்தாள். தாத்தாக்களை வரிசையாக உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தாள். ஒருவர், பட்டாளத்தில் இருந்தவராம், குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். “வெளிய வாங்க தாத்தா, சூடு எறங்கீருமுங்க” என்று அவள் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிய கெஞ்சல் தெருவரைக்கும் கேட்டது. அடுத்த முறை நாங்கள் போனபோது அவளுக்குக் காய்ச்சல். வாசலில் துண்டோடு காத்திருந்த பட்டாளத்துத் தாத்தா, “எண்ணெய்க்காரப் புள்ள வரலியா?” என்று கேட்டுவிட்டு, எங்கள் ஆரஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

தொழில் பார்க்க ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் தம்பி இருவர், கிணற்றுத் தண்ணீர் தகராறு, காத்திருந்தார்கள். ஐநா டீ வரவழைத்தாள்.

“பெரியவரு காலைல மோட்டார் போடுங்க. சின்னவரு சாயங்காலம் போடுங்க. இதுக்கு எதுக்குங்க கோர்ட்டு?”

“கரண்ட் போயிருச்சுன்னா என்ன பண்றது கண்ணு?” என்றார் தம்பி.

“ரெண்டு பேரும் சேந்து ஈபிகாரனைத் திட்டுங்க. அப்பவாச்சும் ஒத்துமையா இருப்பீங்கல்ல?”

வக்கீல் திரும்பி வந்தபோது கட்சிக்காரர்கள் ஒரே ஸ்கூட்டரில் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெண்ணை இனி எந்த வக்கீலிடமும் அனுப்ப வேண்டாம் என்று அவர் தலைமையாசிரியைக்குப் போன் செய்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே பத்தாவது முடிந்தது. நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குப் பிளஸ் ஒன் சேர வேண்டும். அம்மாவின் சம்பளத்தில் அது நடக்காது. விடுதிச் செலவைச் சேவை மன்றமே ஏற்கும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “இனாமா வாங்கிப் படிச்சா எம்புள்ள ஆயுசுக்கும் தலைகுனிஞ்சு நிக்கணும். எஸ்டேட்ல வேலை இருக்கு. நாங்க உழைச்சுத் தின்னுக்குவோம்.” அம்மா சொன்னால் சொன்னதுதான். நான் லயத்துக்குத் திரும்பி, கூடை கட்டிக்கொள்ளப் பழக ஆரம்பித்தேன். பள்ளியில் சேர்க்கை முடிய ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் நல்ல மழை. லயத்துப் பாதையில் தகரம் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒருத்தி பிளாஸ்டிக் பக்கெட்டை மேளமாகத் தட்டிக்கொண்டு வருகிறாள், இன்னொருத்தி தகர டின்னை. பின்னால் நாலு பெண்கள், தலையில் தாம்பாளங்கள். கடைசியில் குடையோடு டீச்சர். எல்லோருக்கும் முன்னால், முகம் வெளுத்து, காலில் இரண்டு அட்டைப்பூச்சி தொங்க, ஐநா. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டபடி வந்திருக்கிறாள்.

தாம்பாளங்களில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய். கூடவே பிளஸ் ஒன் பாடப் புத்தகங்கள், சீருடைத் துணி, ஒரு போர்வை, மன்றம் விடுதிக்குக் கட்டிய பணத்தின் ரசீது.

“என்னம்மா இது?” என்றார் அம்மா.

“சீருங்கம்மா. தாய்மாமன் சீர்.”

“இவளுக்கு மாமனே கிடையாதே.”

“அதனாலதானுங்க நான் வந்தேன்.”

பக்கத்து வீட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “தர்மம் வேணாம்னு அன்னைக்கே சொல்லிட்டேனே.”

“தர்மம்னா வாசல்லயே குடுத்துப்போட்டுத் திரும்பியிருப்போமுங்க. இது சீருங்க. சீர் கொண்டாந்தவங்களுக்கு நீங்க சோறு போடோணும். காலைல தின்னது பூராத்தையும் ரோட்டுல உட்டுப்போட்டு வந்திருக்கறேன். பசி உசுரு போகுதுங்கம்மா.”

 அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். லயமே கூடிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து முட்டை, இன்னொரு வீட்டிலிருந்து கருவாடு, யாரோ ஒருவர் அப்பளம். எங்கள் ஒற்றை அறையில் வந்த எட்டுப் பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் வீட்டைப் போன்ற பண்ணையக் குடும்பங்களில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவள் தட்டை நீட்டி நீட்டி வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறப் பரிமாற அம்மாவின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

மூன்றாவது தடவை சோறு போடும்போது அம்மா கேட்டார். “யாரு பெத்த புள்ளையோ. நீ எங்களுக்கு என்ன முறை ஆகணும் தாயி?”

“மொறையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்கம்மா. ரசம் இன்னும் இருக்குதுங்களா?”

அப்பா போனதற்குப் பிறகு அம்மா சத்தமாகச் சிரித்தது அன்றுதான். மறுநாள் என் பெட்டியை அவரே கட்டினார். “வீடு தேடி வந்த சீரைத் திருப்பி அனுப்பக்கூடாது. கிளம்புடி” என்றார்.

நான் நர்ஸ் ஆனேன். பணி ஓய்ந்த நேரத்தில் இப்படி உங்களுக்கு எழுதவும் செய்கிறேன். ஊரில் உள்ள தொழிலையெல்லாம் பார்த்த ஐநா, கடைசியில் அப்பாவின் ஆலையையே பார்த்துக்கொள்கிறாள். நன்றி என்று ஆரம்பித்தாலே, “ஏனுங்க அம்மணி, வேற சோலி இல்லீங்களா?” என்று போனை வைத்துவிடுவாள். அவளிடம் சொல்ல முடியாததால்தான் இங்கே சொல்கிறேன்.

கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று ஆஸ்பத்திரியில் நோயாளிகள் பேச்சுவாக்கில் கேட்பார்கள். காங்கேயத்தில் ஒரு அக்கா இருக்கிறாள் என்று சொல்வேன். பொய் சொல்கிறேன் என்று எனக்கு இதுவரை ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.