லேத் வாசித்த டிஸ்கோ

பிம்ப்ரியிலிருந்து காத்ரஜ் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் லேத்தைவிடச் சத்தமான மனிதர் புனேயில் கிடைக்கமாட்டார். அவர் தும்மினால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கப் பயப்படும். எங்கள் ஹார்ட் ராக் குழுவில் டிரம்ஸ் அவர்தான்.

போசரியில் ஒரு பட்டறையில் லேத் மிஷின்களுக்குச் சூப்பர்வைசர். கோயமுத்தூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. பெயர் கேட்டால் "லேத்" என்பார். குழுவில் மொத்தமே மூன்று பேர்: அவர், பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு கிட்டார் வாசிக்கும் நான், புனேயிலேயே பிறந்து வளர்ந்த பாடகி வசுதா.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வீட்டில்தான் பயிற்சி. "கொஞ்சம் மெதுவாண்ணா" என்றால் பணிவாகத் தலையாட்டிவிட்டு இன்னும் ஓங்கி அடிப்பார். ஒருமுறை குடியிருப்புச் சங்கச் செயலாளர் வாசலில் நின்று மராத்தியில் கால்மணி நேரம் கத்தினார். லேத் கைகட்டிக் கேட்டார். பிறகு "தேங்க்யூங்" என்று சொல்லி, உள்ளே போய் ஒரு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். செயலாளர் லட்டையும் லேத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மாடிப் பக்கமே அவர் வரவில்லை. கலைஞனுக்கே உரிய திமிர் என்று நானும் வசுதாவும் வியந்துகொண்டோம்.

ஆறு வருடம் வாசித்தும் எங்களைச் சீந்துவார் இல்லை. ஒருநாள் வசுதா பொறுமையிழந்தாள். லேத்தை அவள் மராத்தி வழக்கப்படி 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்; பேச்சின் முடிவில் மராத்தி 'நா'வும் ஒட்டிக்கொள்ளும்.

"தாதா, இந்த ராக் யாருமே கேக்கறதில்ல நா. இதுலயே கொஞ்சம் டிஸ்கோ மிக்ஸ் பண்ணி ஒரு பாட்டு மட்டும் சிங்கிளா விடலாம். பப்ளிக் ஆடும்."

லேத் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்தார். "டிஸ்கோவா? தும் தும் தும் தும்னு ஒரே அடியா அடிக்கறதுக்கு எங்க பட்டறைல பவர் பிரஸ் இருக்குதுங். அதையவே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சுக்குங்!"

இரண்டு வாரம் பேச்சில்லை. மூன்றாவது ஞாயிறு அவராகவே சொன்னார்: "சரிங், டிஸ்கோவே போட்டுக்கலாம்." காரணம் கேட்டேன். குச்சிகளை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பாட்டுப் பதிவானது. கிட்டார் ராக்காக உறுமியது, டிரம்ஸ் டிஸ்கோவாகக் குதித்தது, வசுதாவின் குரல் இரண்டுக்கும் நடுவில் வழி தெரியாமல் நின்றது. இணையத்தில் வெளியிட்டோம். கேட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள்.

ஆனாலும் பாணேரில் ஒரு மொட்டைமாடி உணவகம், ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களை வாசிக்கக் கூப்பிட்டது. மேடை கட்டில் அகலம்தான். எனக்கும் லேத்துக்கும் நடுவில் வசுதா. கடைசியாக அந்தச் சிங்கிளை வாசித்தோம். ஆச்சரியம், நாலைந்து பேர் தட்டை வைத்துவிட்டு ஆட எழுந்தார்கள். பாட்டு முடிந்தது. நான் நிறுத்தினேன், வசுதா நிறுத்தினாள்.

லேத் நிறுத்தவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அடித்துக்கொண்டே இருந்தார். அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் இன்னும் கொஞ்சம் ஆடியது. பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, "அண்ணா, போதும்!" என்று கத்தினேன். அடி நிற்கவில்லை. என் சிரிப்புதான் நின்றது.

வசுதா போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "தாதா, பாட்டு முடிஞ்சு போச்சு நா."

கண்ணைத் திறந்தார். உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "எப்பங்?" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்துதான் மெல்லச் சொன்னார். "ரெண்டு வருசமா உங்க கிட்டாரு எனக்குக் கேக்கறதில்லீங் தம்பி. உங்க தோளப் பாத்துத்தான் அடிப்பேன். டிஸ்கோன்னா அடி மாறாதுங்ல்ல? யாரையும் பாக்காம, கண்ண மூடிட்டு நிம்மதியா வாசிக்கலாம்னு நெனச்சேன். அதுக்கும் ஒரு முடிவு இருக்கறத மறந்துட்டனுங்."

அவர் என் வாயைப் பார்க்கும்படி எதிரில் போய் உட்கார்ந்து கேட்டேன்: "ஏண்ணா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் போட்டிருப்பீங்கல்லங்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் போட்டிருப்போம்.

பட்டறைச் சத்தமும் டிரம்ஸும் சேர்ந்து செய்த வேலை என்றார் டாக்டர். மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டையும் விடச் சொன்னார். லேத் விட்டார். தளேகாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இப்போது வேலை. சத்தமில்லாத இடம். குழு அத்தோடு கலைந்தது.

போன மாதம் லோக்கல் ரயில் பிடித்துப் போய் அவரைப் பார்த்தேன். காதில் மிஷின் வைத்திருந்தார். பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறதாம், பாட்டு வெறும் இரைச்சலாம். டீ குடித்து முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, நம்ம பாட்டு எப்படிங் இருந்துச்சு? நான்தான் கேக்கவே இல்லயே."

"பாட்டு சுமார்தாண்ணா. உங்க டிரம்ஸுதான் பிரமாதம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இருந்தும் காதருகே கையை வைத்துக் குனிந்தார். "சரியாக் கேக்கலீங். இன்னொருக்கா சொல்லுங்."

இன்னும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி, மெதுவாக இன்னொரு முறை சொன்னேன்.