தலைமையாசிரியைக்கு நான் வரைஞ்ச முப்பத்திரண்டு பல்லு

ஒரு பிள்ளையை ஒரு மணி நேரம் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் திரும்பக் கூட்டிட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த சோலி அவ்வளவுதான்.

நான் போடியில ஒரு சின்ன சென்டர்ல டீச்சர். கோவம், பயம், அழுகைன்னு ஏதோ ஒன்னு பெருசாகி வகுப்புல உக்கார முடியாமப் போன சின்னப் பிள்ளைங்க எங்ககிட்ட வருவாங்க. கொஞ்ச மாசம் எங்களோட இருந்து, தெம்பு வந்ததும் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பணும். அதுதான் எங்க வேலையே.

யாழினிக்கு ஏழு வயசு. குரங்கணி ரோட்டுல மலையடிவாரத்து ஊரு, பள்ளிக்கூடமும் அங்கயேதான். சொல்லாம கொள்ளாம எது மாறினாலும் அவளுக்கு ஆகாது. போன வருசம் திடீர்னு வகுப்பறையை மாத்தினப்ப மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டா. வெளிய இழுத்த கையைக் கடிச்சு வச்சுட்டா.

அந்தக் கை தலைமையாசிரியையோடது.

ஆறு மாசமா எங்ககிட்ட இருக்கா. அவளுக்குக் கேட்ட ஒரே மருந்து படம். அன்னிக்கு என்னென்ன நடக்கும்னு ஒரு நீள அட்டையில கட்டம் கட்டமா வரைஞ்சு குடுத்துடுவோம். ஒவ்வொன்னும் முடிய முடிய அவ டிக் போடுவா. "படத்துல இருக்கறதுதான் நடக்கும்"னு தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினது நான்தான். எனக்கு நானே வச்சுக்கிட்ட ஆப்பு அது.

தலைமையாசிரியை போன்ல கறாராச் சொல்லிட்டாங்க. "ஒரு மணி நேரம் பாக்கறேன். சரியா வந்தா நாளையிலேருந்து வரட்டும். இல்லேன்னா அடுத்த வருசம் பேசிக்கலாம்."

யாழினியோட அம்மா போடியில ஒரு குடோன்ல ஏலக்காய் தரம் பிரிக்கறவங்க. வேலைக்குப் போற வழியில பிள்ளையை வழக்கம்போல சென்டர்ல கொண்டாந்து விட்டுட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"டீச்சர், அவ அத்தை பிள்ளைக எல்லாம் அங்கதான் படிக்குதுக. இவளும் அதுகளோட சேந்து பையைத் தூக்கிட்டுப் போறதை ஒரு நாளாவது பாக்கணும். இன்னிக்கு யாரையும் கடிக்காம இருந்துட்டாப் போதும்."

அட்டையில அஞ்சு கட்டம் வரைஞ்சிருந்தேன். பஸ்சு. பள்ளிக்கூடம். தலைமையாசிரியை சிரிக்கறாங்க. டீச்சர் போறாங்க. டீச்சர் திரும்ப வர்றாங்க.

தலைமையாசிரியையை நான் நேர்ல பாத்ததே இல்ல. பிள்ளைக்குப் பயம் போகட்டும்னு முப்பத்திரண்டு பல்லும் தெரியுற மாதிரி வரைஞ்சிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனா பஸ்சு இல்ல. "டயர் பஞ்சரும்மா. அடுத்தது பதினோரு மணிக்கு" அப்படின்னாரு டைம் கீப்பர்.

காலையில மழை பெஞ்சதால தாமதமாகி, அந்த ரோட்டு வழியா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்தற ஜீப்பு ஒன்னு அப்பத்தான் கிளம்பிக்கிட்டு இருந்துச்சு. டிரைவர் அண்ணன், "ஏறுங்க டீச்சர், ரெண்டு பேருக்கு இடம் இருக்கு"ன்னாரு. எங்க ஊரு ஜீப்புல எப்பவுமே இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கும்.

யாழினி நகரல. அட்டையைக் காட்டினா.

"இது பஸ்சு இல்ல."

சரின்னு ரப்பரை எடுத்து பஸ்சை அழிச்சேன். ஜீப்பு வரைஞ்சேன். பின்னாடி உக்காந்திருந்த ஒரு அக்கா எட்டிப் பாத்தாங்க.

"என்ன டீச்சரம்மா, எருமைக்குச் சக்கரம் கட்டியிருக்கீக?"

"எருமை மாதிரிதான் இருக்கு" அப்படின்னா யாழினி.

மறுபடியும் அழிச்சேன். டிரைவர் அண்ணனும் இறங்கி வந்துட்டாரு. "மேல மூட்டை இருக்குல்ல, அதைப் போடுங்க. முன்னாடி ஒரு லைட்டு எரியாது. அதையும் உள்ளபடி போட்டுருங்க."

யாழினி உள்ள எண்ணினா. "பதினோரு பேர் இருக்காங்க."

பதினோரு தலை வரைஞ்சேன். "என் மூக்குத்தியை விட்டுட்டீகளே"ன்னாங்க எருமை அக்கா. மூக்குத்தி வச்சேன். பக்கத்துல இருந்தவங்க தனக்கும் வேணும்னாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தவங்க மட்டும், "வெரசா முடிங்க ஆத்தா, மேல கங்காணி எங்களை ஏசுவாரு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

ஒருவழியா யாழினி டிக் போட்டுட்டு ஏறினா.

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் எல்லாம் ஒழுங்காப் போச்சு. அதுக்கும் ஒரு டிக்.

தலைமையாசிரியை ரெண்டாம் வகுப்பு வாசல்ல நின்னாங்க. வலது கையை முதுகுக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்தாங்க. "உள்ள போ"ன்னாங்க.

யாழினி அட்டையைப் பாத்தா. அவங்க மூஞ்சியைப் பாத்தா. திரும்ப அட்டையைப் பாத்தா.

"டீச்சர், இவங்க சிரிக்கல."

"சிரிச்சதா வச்சுக்கோடா"ன்னு காதுல சொன்னேன்.

"வச்சுக்க முடியாது. டிக் போடணும்."

வேற வழியில்லாம தலைமையாசிரியைகிட்ட விசயத்தைச் சொன்னேன். "நான் எதுக்குச் சிரிக்கணும்?"னு கேட்டாங்க. "படத்துல சிரிக்கறீங்க மேடம்"னேன். அட்டையை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"இது நானா?"

"ஆமா மேடம்."

"எனக்கு எதுக்கு இத்தனை பல்லு?"

அதுக்குள்ள யாழினியோட கண்ணு வகுப்புல இருந்த மேசைக்கு அடியில போயிடுச்சு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இன்னும் ரெண்டு நிமிசத்துல அவ அங்க இருப்பா. அவங்க அம்மா முகம் ஞாபகம் வந்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தலைமையாசிரியையும் அந்தப் பார்வையைக் கவனிச்சுட்டாங்க போல. மெதுவா குனிஞ்சு லேசாச் சிரிச்சாங்க.

"பல்லு" அப்படின்னா யாழினி.

கொஞ்சம் வாயைத் திறந்தாங்க.

"இன்னும் கொஞ்சம்."

ரெண்டாம் வகுப்பு மொத்தமும் இந்த அதிசயத்தை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுல ஒரு பிள்ளை களுக்குன்னு சிரிக்க, தலைமையாசிரியைக்கே நிஜமாச் சிரிப்பு வந்துடுச்சு. பின்னாடி இருந்த கையும் தன்னால முன்னாடி வந்துடுச்சு. யாழினி டிக் போட்டுட்டு உள்ள போய் உக்காந்தா.

இப்ப நான் போகணும். நாலாவது கட்டம்.

கேட்டு வரைக்கும் போனேன். தண்ணி குடிச்சாளோ இல்லையோ, யாராவது தள்ளிவிட்டாங்களோன்னு மனசு அடிச்சுக்கிச்சு. திரும்பி வந்து வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னேன். சரியாத் தெரியல. ஜன்னலுக்குக் கீழ குத்தவச்சு உக்காந்து, மெல்லத் தலையைத் தூக்கினேன்.

நேரா எதிர்ல யாழினி. கையில அட்டை.

"டீச்சர், இதுல நீங்க போயிட்டீங்க."

சத்துணவு சமைக்கற அக்கா வந்து என் தோளைப் பிடிச்சு எழுப்பினாங்க. "வாங்க டீச்சர். மொத நாளு அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும்"னு கேட்டுக்கு வெளிய கொண்டு போய் விட்டுட்டு, கொண்டியையும் போட்டுட்டாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா, யாழினி ஒரு பிள்ளையோட சேந்து பென்சில் சீவிக்கிட்டு இருந்தா. தலைமையாசிரியை சொன்னாங்க, "நாளைக்கு ஒம்போதரைக்கு வரட்டும். நீங்க வேணாம். அவ அத்தை பிள்ளைங்களோடயே வந்துடட்டும்."

சாயங்காலம் சென்டர்ல ஒரு படிவம் நிரப்பணும். 'பிரிந்து இருந்த நேரத்தில் எப்படி நடந்துகொண்டார்?'னு ஒரு கேள்வி. நேர்மையா எழுதினேன்: குழந்தை நன்றாக இருந்தாள், டீச்சருக்குத்தான் இன்னும் ஆறு மாதம் தேவைப்படுகிறது.