இரண்டு தட்டு

பெருமதிப்பிற்குரிய ஃபானி மாமா அவர்களுக்கு,

லாங்கெபானிலிருந்து உங்கள் தங்கை மகள் மார்லீஸ் பணிவுடன் (சிரிக்காதீர்கள்) எழுதிக்கொள்வது. இங்கு அம்மா நலம், அப்பா நலம், தென்கிழக்குக் காற்றும் நலமாகவே வீசுகிறது. கப்பலில் நீங்களும் உங்கள் இன்ஜின்களும் நலமா? பதிலுக்கு, "என் படகு நலமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அழுதுவிடுவேன்.

"தளத்துல கயிறு கட்டுற கொம்பு எல்லாம் ஆடுது, அதுவழியாத்தான் தண்ணி ஒழுகுது. நான் வர்றதுக்குள்ள மாத்தி வைங்க. இல்லேன்னா ரொம்ப நாளா விலைக்குக் கேக்கிற அந்தப் பல் டாக்டருக்கு வித்துடுவேன்" என்று போனில் சொன்னீர்கள். விற்றுவிட்டால் ஈஸ்டர் பந்தயத்துக்கு நான் எதில் போவேன், குளியல் தொட்டியிலா? அப்பாவோ, "இதுக்குப் போய் ஆள் கூப்பிடுவாங்களா? பழைய போல்ட்டைக் கழட்டி புது போல்ட்டைப் போடணும், அவ்வளவுதானே?" என்றார். கழட்டுவது நன்றாகவே வந்தது மாமா. கட்டுமரம் என்று பெயர் வைத்தவர்கள் எங்கள் முற்றத்துக்கு வந்திருந்தால் அவிழ்மரம் என்று மாற்றியிருப்பார்கள்.

மாட்டுவதற்குத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. மேலே ஒருவர் போல்ட் தலையைப் பிடிக்க, கீழே படகின் வயிற்றுக்குள் ஒருவர் படுத்தபடி நட்டை இறுக்க வேண்டும். பக்கத்து வீட்டு நைஜல் அங்கிள் தானே உதவ வந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை, அதனால்தான் உதவ வந்தார். காற்றிரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், இரண்டு தட்டு என்றால் இறுக்கணும், ஒரு தட்டு என்றால் நிறுத்தணும் என்று அப்பாவும் அவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். போல்ட்டுக்குப் பசையைப் பூசி, அதன் தலையைக் குறட்டால் கவ்வ வைத்துவிட்டு அப்பா, "அப்படியே பிடிச்சுக்கப்பா நைஜல், இப்ப-இப்ப வந்துர்றேன்"னு சொல்லிட்டு, மீன் சுடற நெருப்பைப் பாக்கப் போயிட்டார்.

நம்ம ஊர் "இப்ப"ன்னா என்னைக்காவது, "இப்ப-இப்ப"ன்னா பொழுது சாயறதுக்குள்ளன்னு நமக்குத் தெரியும். அவருக்கு எப்படி மாமா தெரியும்? இப்பவே வந்துருவார்னு நம்பி, அந்த நல்ல மனுஷன் படகுக்குள்ள மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்திருக்கார். நான் படகுப் பக்கமாப் போனேனா, உள்ளேயிருந்து "டொக்"னு ஒரு சத்தம். ஆள் இருக்கா இல்லையான்னு பாக்க அவர் தட்டியிருக்கார். நான் ஏதோ விளையாட்டுன்னு நெனச்சு "டொக் டொக்"னு தட்டினேன். அவர் இறுக்கினார். மறுபடி அவர் டொக். மறுபடி நான் டொக் டொக். மறுபடி இறுக்கல். அப்புறம் "மடார்"!

தளம் மேல அப்பளமா நொறுங்கி, புதுக் கொம்பு பள்ளத்துல உக்காந்திருந்துச்சு. உள்ளேயிருந்து ரொம்ப மரியாதையா ஒரு குரல்: "மார்லீஸ் கண்ணு, உங்கப்பாவோட அந்த 'இப்ப-இப்ப' முடிஞ்சுதாம்மா?" வழிஞ்ச பசையில அவர் தலைமுடி கூரையோட ஒட்டியிருந்துச்சு. அம்மா கத்திரிக்கோலோட உள்ள தவழ்ந்து போனாங்க. அப்பா மீன்தட்டோட வந்து எட்டிப் பாத்து, "அட, நீ இன்னும் இங்கதான் இருக்கியாப்பா?"ன்னார். நைஜல் அங்கிள் அவரைப் பாத்த பார்வையில இன்னொரு மீனே சுட்டிருக்கலாம்.

மாமா, கேலியெல்லாம் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நம்பி விட்டுவிட்டுப் போனீர்கள், நாங்கள் ஒழுகலை நிறுத்தப் போய் ஓட்டையே போட்டுவிட்டோம். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், விற்க மட்டும் வேண்டாம். அப்பாவும் "இப்ப-இப்ப சரி பண்ணிடலாம்" என்கிறார். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உங்களுக்குக் கடலில் அலை இருக்கட்டும், அலைச்சல் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மருமகள்,
மார்லீஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பல் டாக்டர் படகைப் பார்க்க வந்தார். பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உங்க மாமா சொத்து, சொத்தை ஆயிடுச்சே. எனக்கு வேண்டாம்மா"ன்னு போயே போயிட்டார். ஆகவே மேலே சொன்ன வருத்தங்களில் நைஜல் அங்கிளின் முடியைத் தவிர மற்ற அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். ஈஸ்டருக்குள் ஓட்டையை அடைக்கப் பசையோடு வாருங்கள். வந்தால், இரண்டு தட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முன்னாடியே தெரியுமா என்று மட்டும் கேட்கக் கூடாது.