லாரி பேனட்டில் ஒரு பூகம்பம்

மோகனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சித்தார்த் அவர்களுக்கு மாமனார் மணியன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை அங்கம்மாளும் இங்கு சுகம். அசாமில் நீங்களும் ஜெயப்பிரியாவும் சுகமாக இருக்க வேண்டும். புது வீடுதான் இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை. போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

எல்லாம் நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் வந்தது, தப்பாக நினைக்க வேண்டாம். ஆற்றோர மனையில் தண்ணீர் ஊறிய மணல், பூமி அதிர்ந்தால் மணல் கூழாகி வீடு உள்ளே இறங்கிவிடும், மண்ணைச் சோதித்துவிட்டு அஸ்திவாரம் போடுங்கள் என்றீர்கள். முப்பத்தாறு வருசம் லாரி ஓட்டியவனுக்குச் சோதிக்கத் தெரியாதா? மனை மணலை இரும்புச் சட்டியில் அள்ளி, தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு செங்கல்லை நிறுத்தி, பட்டறையில் நின்ற பழைய லாரிக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பேனட்டின்மேல் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன் பாருங்கள், செங்கல் சாய்ந்து, இறங்கி, மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மெக்கானிக் காளிதாஸ், "ஏனுங்கண்ணா, ஊடு முழுகிப்போச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

நான் அசரவில்லை. அங்கம்மாதான் அரண்டுபோய்விட்டாள். கொத்தனார் சென்றாயனிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாள். ரோட்டில் லோடு வண்டி போனால் சோத்துத் தட்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறா. ஆணி அடிக்கக்கூட விடாத வாடகை வீட்டுல முப்பத்திரண்டு வருசம் இருந்தவ மாப்பிள்ளை, எனக்கு மனசு கேக்கல. நம்ம பக்கம் பூமி ஆடாது, தைரியமா கட்டுங்கன்னு உங்க இன்ஜினியர் சீல் போட்டு நாலு வரி அனுப்புங்க. படிச்சவங்க சொன்னா நம்புவா.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் காந்தமலை முருகன் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மணியன்

பி.கு: மாப்பிள்ளைக்கு அங்கம்மா எழுதறேனுங்க. தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்துட்டுப் போனாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். இதுல நான் பயந்ததா இருக்கறதெல்லாம் அவரு பயந்ததுங்க. கொத்தனாரை நிறுத்துனதும் அவருதான், தட்டைப் புடிச்சுக்கறதும் அவருதான். ஏனுங்க இப்படின்னு கேட்டா, "லாரி கவுந்தா நான் ஒருத்தன் போவேன், இது நீ படுத்திருக்கப்போற ஊடு"ங்கறாரு. அந்த நாலு வரி வேண்டாமுங்க. மண்ணு சோதிக்கற ஆளை அனுப்புங்க, எவ்வளவு ஆழம் தோண்டச் சொன்னாலும் தோண்டிக்கலாம். நான் இன்னும் ரெண்டு வருசம் வாடகைக்கு இருந்துக்கறேன். அவரு நிம்மதியாத் தூங்கற ஊடா இருந்தாப் போதுமுங்க.