வாசலுக்கு வைத்த பொட்டு

கொஞ்சம் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் இருக்கும் சாமான் வேலை செய்யாவிட்டால், தன்னைத் தவிர உலகத்தில் உள்ள எல்லோரையும் சந்தேகப்படுவார்கள். நிறையப் படித்தவர்களுக்கும் இது வருமா என்று தெரியாது. அவ்வளவு தூரம் நான் போனதில்லை. எனக்கு வந்தது. வேலைக்கான நேர்முகத்தில் மூன்று பெரிய ஆட்களை வீடியோவில் உட்கார வைத்துக்கொண்டு, "நீங்கள் அனுப்பியது பழுதான சாமான்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் அளவுக்கு முற்றிப்போய் வந்தது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடும். சாப்பிடும்போது ஞாபகம் வந்தால் புரையேறும்.

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. நான் ஹட்டனில் எலெக்ட்ரோனிக்ஸ் டிப்ளோமா முடித்துவிட்டு, "எஞ்சினியர் புள்ள" என்ற பட்டத்தோடு லயத்தில் வலம் வந்துகொண்டிருந்தேன். யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் என்னிடம்தான் வரும். (நான் கை வைத்த பிறகு பாதி ரேடியோக்கள் கரகரக்கவே இல்லை. பாடவும் இல்லை.)

நுவரெலியாப் பக்கம் மரக்கறி வளர்க்கிற பொலித்தீன் கூடாரங்களுக்குள் சூடும் ஈரமும் அளக்கும் கருவி செய்கிற ஒரு சின்னக் கொம்பனிக்கு விண்ணப்பித்திருந்தேன். போனில் பேசினார்கள், பிடித்துப்போனது. அடுத்த கட்டமாக ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் போர்டு அனுப்புவார்களாம். அதற்கு நான் புரோகிராம் எழுதி, செவ்வாய்க்கிழமை வீடியோ நேர்முகத்தில் லெப்டொப்போடு இணைத்து, அதில் உள்ள விளக்கைச் சொன்னபடி மினுக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை.

காட்டாவிட்டால்? அதற்கும் ஏற்பாடு தயாராக இருந்தது. கொழும்பில் புடவைக் கடையில் இருக்கிற பெரியப்பா லீவில் வந்திருந்தார். அந்தக் கடையிலேயே எனக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார். புதன்கிழமை அவர் திரும்பிப் போகிறார். "இது சரிவரலன்னா பேசாம பெரியப்பா கூட பஸ் ஏறிடு பாப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார். நாள் முழுக்க நின்றுகொண்டு சாரி பிரித்துக் காட்டி மடிக்க வேண்டும். வீட்டில் என் ஒரு துணியைக்கூட நான் மடித்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. உள்ளே தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய போர்டு. இரண்டு பக்கமும் முள் முள்ளாகக் கம்பிகள். ஒரு ஓரத்தில் கேபிள் செருகுகிற குட்டித் துளை. கொம்பியூட்டரில் எழுதுவதெல்லாம் அந்தத் துளை வழியாகத்தான் போர்டுக்குள் போக வேண்டும்.

அம்மா மலையிலிருந்து வந்து, குளித்து, விளக்கேற்றப் போகிற நேரம். "வெள்ளிக்கெழம பாத்து வந்திருக்கு புள்ள. சாமி படத்துக்கு முன்னுக்கு கொஞ்ச நேரம் வச்சிட்டு எடு" என்றார். வைத்துவிட்டு, டேட்டா கார்ட் வாங்கக் கடைவீதிக்கு இறங்கினேன். திரும்பி வந்தபோது பெட்டியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"பெட்டிக்கெல்லாம் எதுக்கும்மா பொட்டு?"

"பெட்டிக்கு மட்டுமா வச்சேன்? அந்த உள்ளுக்கு இருக்குதே..."

"சரி சரி, போதும்" என்று வாயை அடைத்துவிட்டேன். எஞ்சினியருக்கு இதையெல்லாம் கேட்க ஏது நேரம்?

மறுநாள் காலையில் கேபிளைச் செருகினேன். இறுக்கமாக இருந்தது. புது சாமான் அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனால் லெப்டொப் மூச்சே விடவில்லை. எதையாவது செருகினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வருமே, அது வரவில்லை. இணைத்த கருவிகளின் பட்டியலில் போய்ப் பார்த்தேன். இருந்ததெல்லாம் பழைய ஆட்கள். போர்டைக் காணோம்.

முதல் சந்தேகம் கேபிள் மேல். அது சாமி மலை ஏறுகிற சீசனில் நல்லதண்ணியில் போடுகிற கடையில் அப்பா வாங்கியது. சில கேபிள்கள் கரண்டை மட்டும்தான் கொண்டுபோகும், செய்தியைக் கொண்டுபோகாது என்று படித்திருந்தேன். "போயும் போயும் சாமி மலையடியில கேபிள் வாங்குவாங்களாப்பா?" என்று அப்பாவிடம் பாய்ந்தேன். அந்தக் கேபிளில்தான் இரண்டு வருடமாக வீட்டு போன்கள் எல்லாம் உயிர் வாழ்ந்தன என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. கேபிளை உருவியபோது நுனியில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. பார்சல் தூசு என்று ஊதிவிட்டேன். (ஊதினேன்! மூக்குக்கு நேரே வைத்து ஊதினேன்! வாசம்கூடப் பிடிக்காத மூக்கு இது.)

அப்புறம் போர்டை லெப்டொப்புக்கு அறிமுகப்படுத்துகிற 'ட்ரைவர்' என்ற புரோகிராம் மேல் சந்தேகம். வாங்கிய டேட்டா எல்லாம் அதை இறக்குவதிலேயே தீர்ந்தது. ஏற்றினேன், கழற்றினேன், இன்னொன்றை ஏற்றினேன். போர்டில் உள்ள குட்டிப் பொத்தானை அமுக்கிக்கொண்டே செருகினால் எழுந்துகொள்ளும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நகம் உடைந்ததுதான் மிச்சம். பிறகு கரண்ட் மேல் சந்தேகம் வந்து, லயத்தில் யாரும் அயன் போடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். பாவம், பக்கத்துக் காம்பரா மல்லிகா அக்கா ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்குக் கசங்கிய சாரியோடு போனார்.

"ரெண்டு தட்டு தட்டிப் பாரு பாப்பா. நம்ம டீவி அப்புடித்தானே வேல செய்யுது" என்றார் அப்பா. அவரை நான் பார்த்த பார்வையில் மனிதர் எழுந்து ஃபெக்டரிக்கே போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு வேலையே இல்லை.

திங்கட்கிழமை பஸ் பிடித்து ஹட்டனுக்கு ஓடினேன். போன் திருத்துகிற கடையில் அவர்களுடைய கேபிளைப் போட்டு, அவர்களுடைய கொம்பியூட்டரில் பார்த்தார்கள். அங்கேயும் அதே கதை. விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. "போர்டு போயிருச்சு தங்கச்சி. உங்க மேல தப்பில்ல" என்றார் கடைக்காரர். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எப்படி இனித்தது தெரியுமா! என் தப்பு இல்லை! அப்படியானால் யார்? கொம்பனிதான்! உடனே போன் பண்ணி வேறு போர்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேர்முகத்திலேயே போட்டு உடைத்தால்தான் என் கெட்டித்தனம் விளங்கும் என்று முடிவுகட்டினேன். பஸ்ஸில் வரும்போது அதற்கு இங்கிலீஷில் வசனம்கூட எழுதி வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. எனக்குத் துணை இருக்கிறாராம். சிக்னலுக்காக போனை ஒரு துணிப்பையில் போட்டு ஜன்னலில் தொங்கவிட்டோம். மல்லிகா அக்கா தன் சேவலைக் கூடை போட்டு மூடினார். லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. லயத்துச் சுவரைப் பற்றித்தான் தெரியுமே, இந்தக் காம்பராவில் தும்மினால் அந்தக் காம்பராவில் 'நூறு வயசு' என்பார்கள்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். முதலாளி, ஒரு சிங்கள மேடம், கண்ணாடி போட்ட ஒரு தமிழ் சார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வசனத்தை எடுத்துவிட்டேன். கேபிள் பார்த்தேன், ட்ரைவர் பார்த்தேன், வேறு கொம்பியூட்டரில் பார்த்தேன், ஹட்டனில் காட்டினேன். ஆகவே நீங்கள் அனுப்பியது பழுதான போர்டு, இனிமேலாவது சோதித்து அனுப்புவது கொம்பனிக்கு நல்லது. (இனிமேலாவது! வேலை கேட்டு வந்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?)

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம், "நன்றாகப் பார்த்தீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ஒன்று விடாமல்" என்றேன்.

கண்ணாடி சார் தமிழுக்கு மாறினார். "தங்கச்சி, அந்த போர்ட நானே செக் பண்ணித்தான் பார்சல்ல போட்டேன்."

நான் விடவில்லை. "அப்போ வழியில பழுதாகியிருக்கும் சார்."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. கொழுந்து மலையில் அடுத்த நிரைக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரல்.

"பழுதா? அது எப்புடிப் பழுதாகும்? வாசலுக்குப் பொட்டு வச்சி, கற்பூரம் காட்டி வச்ச சாமான் அது!"

நான் கையால் சைகை காட்டினேன். கண்ணாலும் காட்டினேன். காலைக்கூட ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"யாரு, அம்மாவா?" என்றார் சார். "என்ன சொல்றாங்க? எந்த வாசல்?"

கேட்டதுதான் தாமதம். அம்மா சாரித் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "வணக்கங்க ஐயா. வீட்டு நெலைக்கு சந்தனம் குங்குமம் வைக்கிறோமுங்களே, அது மாதிரிதாங்க. இதுல எங்கயும் எடமில்ல, பூரா முள்ளு. ஓரத்துல ஒரே ஒரு வாசல்தாங்க இருந்துச்சு. எங்க புள்ளைக்கு வேல அந்த வழியாத்தானே வரணும்னு, ஈர்க்குச்சியில சந்தனத்த எடுத்து, நல்லா உள்ளுக்குத் தள்ளி வச்சேன். மேல குங்குமமும் வச்சேனுங்க."

ஐயோ! என் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம். பெட்டிக்கு மட்டுமா வச்சேன், பெட்டிக்கு மட்டுமா வச்சேன் என்று அந்த வெள்ளிக்கிழமை மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கேபிளை உருவி, துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இருந்தது! மஞ்சளாக, காய்ந்து, நான் நாலு நாள் அழுத்திய அழுத்தில் கெட்டியாக உட்கார்ந்து, அதன் மேல் சிவப்பாக ஒரு சொட்டு. என் அம்மாவின் நெற்றியில் இருந்த அதே பொட்டு.

மற்ற இருவருக்கும் சார் ஏதோ மொழிபெயர்த்தார். மூன்று பேரும் மைக்கை நிறுத்தினார்கள். கெமராவை நிறுத்த மறந்துவிட்டார்கள். சத்தமே இல்லாமல் அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முதலாளி மேசையில் கவிழ்ந்துவிட்டார். மேடம் கண்ணைத் துடைத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. நான் புடவைக் கடையில் சாரி மடித்துக்கொண்டு நிற்பதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மாராப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். "இந்தா, இதால எடு. சாமி சந்தனம், கீழ போடாத."

எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அம்மாவின் உள்ளங்கையில் போட்டேன். மறுபடி செருகினேன்.

டிங்.

அந்தச் சத்தம் எங்கள் லயத்துக்கே கேட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா, "ஆத்தா காப்பாத்திட்டா!" என்று கத்தினார். கூடையைத் தட்டிவிட்டு சேவல் கூவியது. புரோகிராமை ஏற்றினேன். விளக்கு நான் எழுதியபடியே மினுங்கியது. நான்தான் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

மைக் திரும்ப வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "சரி, இத சொல்லுங்க. சந்தனம் அடைச்சிருந்தும் வெளக்கு எரிஞ்சிச்சே, அது எப்புடி?"

இனி மறைக்க என்ன மானம் இருக்கிறது? கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். "உள்ளுக்கு வரிசையா கம்பி இருக்கு சார். கரண்ட் வர்றது ரெண்டு ஓரத்துக் கம்பியில. செய்தி போற கம்பி ரெண்டும் நடுப்பக்கம். ஓரம் ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதனால வெளக்கு எரிஞ்சிச்சு. நடுவுல சந்தனம் மறைச்சதால கொம்பியூட்டருக்கு ஒண்ணுமே தெரியல."

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, திரையைப் பார்த்துச் சொன்னார்: "பொட்டு நடுவுலதானுங்களே வைப்பாங்க."

இந்தத் தடவை மைக்கை நிறுத்தக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை பெரியப்பா தனியாகத்தான் பஸ் ஏறினார். முந்தின நாள் பொழுது சாயும்போதே சார் போன் எடுத்து, வேலை எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன். "தெரியாதத தெரியாதுன்னு இன்னும் கொஞ்சம் சீக்கிரமா சொல்லப் பழகுங்க. மத்ததெல்லாம் சரி" என்றார்.

இப்போது நுவரெலியாவில் அதே கொம்பனியில்தான் இருக்கிறேன். ஏதாவது ஒரு போர்டை கொம்பியூட்டர் கண்டுகொள்ளாவிட்டால், மேடம் தன் இடத்திலிருந்தே "பொட்டுவ பெலுவத?" என்று குரல் கொடுப்பார். பொட்டைப் பார்த்தாயா என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்துக் குறித்துக்கொள்கிறார்கள். பெரியப்பா போன் எடுத்தால், "கடையில பில் மெசின் நின்னு போச்சு, எங்க பொட்டு வைக்கிறது?" என்பார்.

அம்மா தன் கட்சியை விடுவதாக இல்லை. "நான் பொட்டு வைக்காட்டி அந்த ஐயா ஒங்கிட்ட அந்தக் கேள்விய கேட்டிருப்பாரா? கேக்காட்டி நீ பதில் சொல்லியிருப்பியா?" என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை ஒரு புது போர்டோடு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "இதுக்கு வாசல் எந்தப் பக்கம் புள்ள?"

நான் துளையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, அவரிடம் நீட்டினேன். டீவியைத் தட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பி அம்மாவிடம் சொன்னார்:

"நடுவுல பாத்து வை. அப்பதான் சம்பளம் கூட்டுவாங்க."