கிணற்றில் விறைத்து நின்ற பூட்ஸ்

நான் செய்த பெரிய முட்டாள்தனங்கள் எல்லாம், நாலு பேர் பார்க்கிறார்களே என்பதற்காகச் செய்தவை. தனியாக இருக்கும்போது நான் ஓரளவு புத்திசாலிதான் (வீட்டில் இதை ஒத்துக்கொள்ள ஆளில்லை).

யுத்தத்தின்போது பர்மாவில் கண்ணிவெடியில் சிக்கி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனா ராணுவ ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மாவுக்குக் கடிதம்கூடப் போடவில்லை. அங்கே பயிற்சி கொடுத்த பஞ்சாபி ஹவில்தாருக்கு ஒரு கைதான். ஒருநாள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய், நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டார். அவரைத் திட்டிக்கொண்டே கையை வீசினேன். திட்டி முடித்தபோது அக்கரையில் இருந்தேன். அன்று சாயங்காலமே அம்மாவுக்கு எழுதினேன். அப்புறம் நீச்சல் பந்தயம், தரையில் உட்கார்ந்தபடி வாலிபால் என்று ஒரு நாளும் விடவில்லை. சங்கரன்கோவிலுக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு மரக்கால், பளபளக்கும் பூட்ஸ், தேவைக்கு மேலேயே தன்னம்பிக்கை எல்லாம் இருந்தன.

பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். ஹெட்மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"டிரில் வாத்தியாருக்கு ரெண்டு காலு வேணும்லா தம்பி?"

"நீச்சலுக்கு வேண்டாம் சார். பையன்களுக்குச் சொல்லிக் குடுக்கேன். வேணும்னா நீந்திக் காட்டுதேன்."

மறுநாள் கரிவலம் சாலையில் அவருடைய வயல் கிணற்றுக்கு வரச் சொன்னார். மழை பெய்து கிணறு நிரம்பியிருந்தது. துணைக்கு என் அக்கா மாப்பிள்ளை சுப்பையா அத்தான் வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் களையெடுத்த பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள்.

"காலைக் கழத்திட்டுக் குதியும்வே," என்றார் அத்தான் மெதுவாக.

பெண்களுக்கு முன்னால் மொட்டைக் காலைக் காட்டுவதா? பூட்ஸோடு குதித்தேன்.

மரம் மிதக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அது என்னோடு சேர்ந்தும் மிதக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. கால் மேலே போனது, தலை கீழே போனது. வெளியில் தெரிந்தது, சல்யூட் அடிப்பதுபோல விறைத்து நின்ற ஒரு பூட்ஸ் மட்டும்தானாம்.

அத்தான் வேட்டியோடு குதித்து, பூட்ஸைப் பிடித்து ஓங்கி இழுத்தார். நான் உள்ளேயிருந்து மரக்காலின் வாரை அவிழ்த்ததும் அதே நேரம். மேலே அவர் குரல் கேட்டது:

"சார், காலு கெடச்சிட்டு. ஆளைக் காணலை."

மரக்கால் கழன்றதும் நான் மறுபக்கம் மேலே வந்தேன். களை எடுத்தவர்கள் சிரித்த சிரிப்பில் மறுபடி முங்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன்: என் மொட்டைக் காலை யாரும் பார்க்கவேயில்லை. எல்லோரும் அத்தான் கையில் இருந்த காலைத்தான் பார்த்தார்கள். வெட்கம் விட்டுப்போனது. கிணற்றைச் சுற்றிச் சுற்றி இருபது வட்டம் நீந்தினேன். எனக்கே அலுத்த பிறகுதான் படியேறினேன்.

ஹெட்மாஸ்டர் என் மரக்காலைத் துண்டால் துடைத்து நீட்டினார். "திங்கக்கிழமை வந்து சேரும். இதைக் கரையில வச்சிட்டுத்தான் சொல்லிக் குடுக்கணும்."

இருபத்தாறு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். வரப்பில் நின்று சிரித்தவர்களில் ஒருத்திதான் என் மனைவி. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அலுத்துப்போய், "தலைகீழா நின்னாலும் அந்த வேலை கெடைக்காது" என்று சொல்லிவிட முடியாது. உள்ளேயிருந்து அவள் குரல் வரும்:

"ஏன், இவுகளுக்குக் கெடச்சுதே."