இடியப்ப வெள்ளை மாளிகை எரிந்த வரலாறு

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை.

பஃபலோ மாநகரின் அணிகலனும் எங்கள் வருங்காலச் சம்பந்தியுமாகிய உயர்திரு சிவபாதம் அண்ணை அவர்களுக்கு,

குலவீரசிங்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி தவமணியும் நலம். எங்கள் வீட்டுப் புகை அலாரமும் தொண்டை தேறி நலம். உங்கள் பட்டு வேட்டியின் நலமறிய ஆவல்.

அண்ணை, எட்டு நாளுக்கு முன் சனிக்கிழமை என் தங்கை மகள் நிலாணிக்கும் உங்கள் மகன் மிதுனனுக்கும் கலியாண நாள் வைக்கத்தான் நீங்கள் அமெரிக்காவிலிருந்து எல்லை கடந்து கனடாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். யுத்தம் செய்ய வரவில்லை. எனக்கும் அந்த எண்ணம் இருக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்க முன்னமே, "ஆயிரத்து எண்ணூற்றிப் பன்னிரண்டாம் ஆண்டுச் சண்டையில கனடாவுக்கு நாங்கள் குடுத்த அடி கொஞ்சமே?" என்று சிரித்தது யார்? "ஆர் ஆருக்கு அடிச்சது அண்ணை? உங்கட வெள்ளை மாளிகையைக் கொளுத்தினதே நாங்கள்தான்" என்று நான் மிக மரியாதையாகத்தான் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் கொளுத்தினது. நீர் அப்ப எங்க நிண்டனீர்?" என்று கேட்டீர்கள். நீங்கள் மட்டும் அப்போது எங்கே நின்றீர்களாம்? உங்கள் பூட்டனாரின் பூட்டனாரே அப்போது சாவகச்சேரியில் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார்.

படம் இல்லாமல் வரலாறு விளங்காது என்பதால் சாப்பாட்டு மேசையிலேயே போர்க்களம் அமைத்தேன். தேங்காய்ப்பால் சொதிச் சட்டி ஒன்ராறியோ ஏரி. கத்தரிக்காய்ப் பொரியல், ரொறன்ரோவுக்கு அந்தக் காலத்தில் பெயராயிருந்த யோர்க். வெள்ளை இடியப்பத்தை வானளாவ அடுக்கி வெள்ளை மாளிகையும் கட்டினேன். "முதல்ல யோர்க்கை அழிச்சது நாங்கள்!" என்று கர்ச்சித்த நீங்கள், பொரியல் முழுவதையும் ஒரே பிடியாக அள்ளி வாயில் போட்டீர்கள். ஒரு நகரம் சீரணமாவதை என் கண்ணால் கண்டேன், அண்ணை. இரத்தம் கொதித்தது. சாமித் தட்டிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து இடியப்பத்தின் உச்சியில் வைத்துக் கொளுத்தினேன். ஒரேயொரு கட்டிதான். நிலாணி ஒரு பெட்டி என்கிறாள். எதையும் பெருப்பிக்கிற குணம் அந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அலாரம் அலறிய அலறலில் எத்தனையோ மைல் தள்ளி ஒஷாவாவில் மாடுகள் கயிறு அறுத்து ஓடினவாம். நீங்கள் திடுக்கிட்டு எழும்ப, ஒன்ராறியோ ஏரி முழுவதும் உங்கள் வேட்டியில் பாய்ந்தது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துச் சனம் முழுவதும் படியால் இறங்கியது. சொதி சொட்டச் சொட்ட நீங்கள் முன்னே, புகைகிற இடியப்பத் தட்டோடு நான் பின்னே. தீயணைப்புப் படையிலிருந்து வந்த ஸ்டெபனி என்ற பிள்ளை, என்ன எரிந்தது என்று கேட்டது. "வெள்ளை மாளிகை" என்றேன். அது என்னை ஒருமுறை பார்த்தது, உங்கள் வேட்டியை ஒருமுறை பார்த்தது. பிறகு குறிப்புப் புத்தகத்தை மூடியது.

அதெல்லாம் பரவாயில்லை. காரில் ஏறிய நீங்கள் கண்ணாடியை இறக்கி, "யுத்தத்தில வெண்ட நாட்டிலதான் கலியாணம்! பஃபலோவில மண்டபம் பாக்கிறன்!" என்று கத்திவிட்டுப் போனீர்களே, அதுதான் குண்டு. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு அமெரிக்க விசா இல்லை. யார் வந்து வாழ்த்துவது? நிலாணி அழுத கண்ணோடு, "மாமா, தோத்திட்டன் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி என்ர கலியாணத்துக்கு வரவேண்டாம்" என்றுவிட்டாள்.

ஆகவே, கனடா தேசத்தின் சார்பில் இத்தால் நான் சரணடைகிறேன். வென்றது அமெரிக்காவே. நயாகராவின் எங்கள் பக்கத்தையும் வேண்டுமானால் சுருட்டிக்கொண்டு போங்கள். கலியாணத்தை மட்டும் ஸ்காபரோவிலே விட்டுவிடுங்கள்.

உங்கள் வெற்றியும் வேட்டியும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தோல்வியிலும் தலை நிமிர்ந்த,
க. குலவீரசிங்கம்

பி.கு.: இதை வாசித்த தவமணி, "முப்பது வருசமாச் சிட்டிசன் எடுக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடந்த மனிசன், கனடா சார்பில சரணடைய நீங்கள் ஆர்?" என்கிறாள். சட்டப்படி அது சரி. ஆகவே சரணாகதி செல்லாது. உங்களிடம் இருப்பதும் கிறீன் கார்ட்தானாம், நீங்களும் அமெரிக்கச் சிட்டிசன் இல்லையாம், மிதுனன் சொன்னாராம். ஆகவே உங்கள் வெற்றியும் செல்லாது. ஆளுக்கொரு தேசத்தில் பிறந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்குத்தான் அதிகாரம். அவர்கள் நேற்றே போனில் சமாதானம் பேசி, கலியாணத்துக்கு ஸ்காபரோவிலும் வரவேற்புக்குப் பஃபலோவிலும் மண்டபம் எடுத்துவிட்டார்கள். எங்கள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டாயம் வாருங்கள், தவமணி இன்னொரு யோர்க் பொரித்து வைப்பாள். பஃபலோவுக்கு வர எனக்கும் விசா வேண்டுமாம். அந்த விண்ணப்பத்தைப் பார்த்தால், பழையபடி படையெடுத்து வருவது சுகம் போலிருக்கிறது.